சபாவில் நாயகி, வாடகை வீட்டில் சித்தி பெண்: சென்னையில் ஒரு வாரம்

திங்கள்

டிசம்பர் கச்சேரிக் கூட்டம் வடிந்து, பொங்கலுக்கு ஊர் காலியாவதற்கு முன்னால் சென்னைக்கு ஒரு நல்ல வாரம் வரும். மியூசிக் அகாடமியில் பாட்டெல்லாம் ஜனவரி ஒன்றோடு முடிந்து நாட்டிய விழா நடக்கும், நந்தனத்தில் புத்தகக் காட்சி, மயிலாப்பூர் மாட வீதிகளில் கோலம், கடற்கரைப் பக்கம் நாடகம், வெயிலும் ஓரளவு மனிதத்தன்மையோடு இருக்கும். அதற்காகத்தான் மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். ராத்திரி தூங்குமுன் அன்றன்றைக்கு நடந்ததை எழுதிப் போடுகிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கதை எழுதுகிறவன், ஆண்களை விரும்பும் ஆண். முதலாவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், ஆனால் அப்பாவுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. பல வருஷமாக இப்படியே நிம்மதியாக ஓடுகிறது.

தங்கியிருப்பது பெரம்பூரில், சேர்ந்து வாழும் இரண்டு தோழிகளின் வீட்டில். ஒருத்தி வங்கியில் வேலை பார்க்கிறாள், மற்றவள் பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். பையை வைத்துவிட்டு, குளித்து, மதியம் வரை தூங்கி, சாயங்காலம் அகாடமிக்குப் போய்விட்டேன்.

அரங்கில் முக்கால்வாசிதான் ஆள். இளைஞர் ஒருவர் ஆடினார், பெயர் வேண்டாம். முதல் பாதி முழுக்க துள்ளல், ஜதி, வியர்வை. கைதட்டல் வாங்குகிற ஆட்டம். அப்புறம் ஒரு க்ஷேத்ரய்யா பதம், அபிநயத்துக்கான காதல் பாட்டு. எல்லாப் பதங்களிலும் போல இதிலும் ஒரு பெண் பேசுகிறாள், முவ்வகோபாலன், அதாவது கண்ணன், வேறு எவள் வீட்டிலோ இருந்துவிட்டு விடிந்தபின் வந்து நிற்கிறான், அவள் அவனை உள்ளே விடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள். அந்த இளைஞர் உட்கார்ந்த இடத்திலேயே, ஒரு கையைத் தரையில் ஊன்றி, அவனைப் பார்க்காமல் பார்த்தார் பாருங்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த மாமி "ச்சு" என்று சத்தமாகவே உச்சுக் கொட்டினார், அது குறையல்ல, உச்சபட்சப் பாராட்டு.

பதினேழாம் நூற்றாண்டில் ஓர் ஆண் பெண்ணாக இருந்து எழுதிய காதலை இன்றைக்கு ஓர் ஆண் பெண்ணாக இருந்து ஆடுகிறான், அரங்கில் ஒருவருக்கும் அது விநோதமாகத் தெரியவில்லை. தெரியவும் வேண்டாம். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் உருகியவர்கள்தானே. இந்த அகாடமியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடு நடந்தது, அதிலிருந்து 1928-இல் பிறந்த சபை இது. இன்று பரதநாட்டியம் என்கிற சதிர் ஆட்டத்தைச் சீந்துவாரில்லாத காலத்தில் அதை இந்த மேடைக்குக் கொண்டுவரப் போராடியவர் இ. கிருஷ்ணய்யர், வக்கீல், அகாடமியின் செயலாளர்களில் ஒருவர். அவர் என்ன செய்தார் என்றால் தானே சேலை கட்டி, நகை போட்டு, பெண் வேஷத்தில் ஊர் ஊராக ஆடிக் காட்டினார். ஒரு வக்கீல்! இன்றைக்கு ஹைகோர்ட் பாரில் இருந்து ஒருவர் அப்படிக் கிளம்பினால் வாட்ஸப் குழுக்களில் அவர் பாடு என்னாகும் என்று யோசித்துப் பார்த்தேன்.

இடைவேளையில் பழக்கதோஷத்தில் கைப்பேசியில் கிரைண்டரைத் திறந்தேன், ஆண்கள் ஆண்களைத் தேடும் செயலி. நாற்பது மீட்டரில் ஒருவர். நாற்பது மீட்டர் என்றால் இதே கூரைக்குக் கீழேதான். முகம் போட்டவர்கள் ரொம்பக் குறைவு. ஒருவர் கோபுரம் போட்டிருக்கிறார், ஒருவர் தம்புரா, ஒருவர் காலி கறுப்புக் கட்டம். தம்புராக்காரருக்கு "பதம் எப்படி?" என்று கேட்டு அனுப்பினேன். "தெய்வீகம்" என்று பதில் வந்தது, அடுத்த நிமிஷமே என்னைத் தடுத்துவிட்டார். பயம்தான். நானும் தலையைத் திருப்பித் தேடவில்லை.

செவ்வாய்

எழும்பூர் அருங்காட்சியகம். எத்தனையோ முறை சென்னை வந்தும் அங்கே போகாதவர்கள் உண்டு, தயவுசெய்து போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய் கேட்டைப் பார்த்துத் திரும்பாதீர்கள். 1851-இல் தொடங்கிய இடம், சிவப்புக் கட்டடங்கள், தூங்குமூஞ்சி மரங்கள், உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக ஓடுகிறார்கள், முக்கால்வாசிப் பேருக்குத் திமிங்கல எலும்பில்தான் கண்.

நான் நேராக வெண்கலக் கூடத்துக்குப் போனேன். திருவெண்காட்டு அர்த்தநாரி அங்கே இருக்கிறார். பதினோராம் நூற்றாண்டு, சோழர் காலம், மண்ணுக்குள் கிடந்து எடுத்தது. வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் நேரில் பார்க்கும்போதுதான் அந்தச் சிற்பியின் துணிச்சல் தெரிகிறது. ஆண் பக்கத்துக்கு இரண்டு கை, பெண் பக்கத்துக்கு ஒரே கை. மூன்று கைகளுடன் ஓர் உடம்பு கோணலாகத் தெரியத்தானே வேண்டும், தெரியவில்லை. ஆடை ஒரு பக்கம் தொடையோடு நிற்கிறது, மறுபக்கம் கணுக்கால் வரை இறங்குகிறது. இடுப்பு ஒரு பக்கம் சும்மா இருக்கிறது, மறுபக்கம் ஒயிலாக வெளியே தள்ளுகிறது. நடுவில் எங்கே கோடு போட்டார் என்று தேடினேன். கோடே இல்லை, முகத்தில் சுத்தமாக இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டங்களில் யாராவது எழுந்து "நம் பண்பாட்டிலேயே அர்த்தநாரீஸ்வரர் இருக்கிறார், ஆகவே..." என்று ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் அலுப்பு வரும். சாமிக்குக் கிடைத்ததெல்லாம் ஆசாமிக்குக் கிடைத்துவிடாது. அர்த்தநாரியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து சிக்னலில் கைதட்டி வரும் திருநங்கையைப் பார்த்ததும் கார்க் கண்ணாடியை ஏற்றுகிற ஆளை நான் இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் அதை வாதமாக வைக்க எனக்கு இஷ்டமில்லை. அழகுக்காகப் பார்த்தேன், ரொம்ப நேரம் பார்த்தேன். காவலர் ஒருவர் வந்து, "என்ன சார், பேப்பர்ல எழுதப் போறீங்களா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "அப்ப மேலே நடராஜரையும் பாத்துடுங்க, எல்லாரும் அவரத்தான் எழுதுவாங்க" என்றார்.

மதியத்துக்கு மேல் ராயப்பேட்டைப் பக்கம் நடை. அவ்வை சண்முகம் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். பழைய லாயிட்ஸ் ரோடு. பெரிய கட்சி அலுவலகம் இருக்கிற தெரு, எப்போதும் வெள்ளை வேட்டி, கரை, கார். அந்தத் தெருவுக்கு வைத்திருக்கும் பெயரோ பாட்டி வேஷம் போட்டதால் பட்டப்பெயர் வாங்கிய ஆணின் பெயர். டி. கே. சண்முகம் அவ்வையாராக நடித்துத்தான் அவ்வை சண்முகம் ஆனார். எங்கள் மதுரையில்தான் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் சிறுவர்களை வைத்து நாடக சபை தொடங்கினார். பாய்ஸ் கம்பெனிகளில் ராஜா, ராணி, தோழி, அரக்கி எல்லாமே பையன்கள். சிவாஜி கணேசன் சிறுவனாக மேடையேறியபோது சீதையாக நடித்திருக்கிறார். குரல் உடைந்ததும் ஆண் வேஷத்துக்கு மாற்றிவிடுவார்கள். சில பையன்களுக்குச் சேலையை அவிழ்க்க மனசு வந்திருக்காது என்று நான் நினைத்துக்கொள்வேன். அவர்களைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை, நான் எழுத நினைத்திருக்கும் கதை அதுதான்.

புதன்

பாரிமுனை. ஆர்மேனியன் தெருவில் காலையிலிருந்தே மூட்டை, தள்ளுவண்டி, ஹார்ன், நடக்க முடியாது. ஒரு கதவைத் தள்ளி ஆர்மேனியன் தேவாலயத்துக்குள் நுழைந்தால் சத்தம் பாதியாகக் குறைகிறது. 1772-இல் கட்டியது. தரையெல்லாம் கல்லறைப் பலகைகள், சம்பங்கி மரம், தனியாக நிற்கும் மணிக்கூண்டு. வழிபட ஊரில் ஆர்மேனியர்கள் இல்லை என்றே சொல்லலாம்.

நான் தேடிப் போனது ஹருத்தியுன் ஷ்மவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறை. ஆர்மேனிய மொழியின் முதல் பத்திரிகை 'அஸ்தரார்' ஆர்மேனியாவில் வரவில்லை, நம்முடைய மதராஸில்தான் வந்தது, 1794-இல். நடத்தியவர் இவர். ஒன்றரை வருஷம் நடந்து 1796-இல் நின்றுபோனது. சந்தாதாரர்கள் சொற்பம், இருந்தவர்களும் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த வியாபாரிகள். கப்பல் எப்போது வந்தது, துணி என்ன விலை என்பதோடு தங்கள் சரித்திரத்தையும் போட்டுப் படித்துக்கொண்டார்கள். ஊர், தெரு என்று சேர்ந்து வாழ வழியில்லாதவர்கள் காகிதத்திலாவது சேர்ந்துகொள்வார்கள் போல. எங்கள் ஆட்கள் நடத்திய கையெழுத்துப் பிரதிகளும் ஜெராக்ஸ் இதழ்களும் பாதியில் நின்ற இணைய இதழ்களும் ஞாபகம் வந்தன. கல்லறை மேல் கிடந்த சருகைத் தள்ளிவிட்டு, சக பத்திரிகைக்காரனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அங்கிருந்து பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஆரஞ்சு நிற நூடுல்ஸை வெறும் கையால் கோஸ், வெங்காயம், பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள் போட்டுப் பிசைந்து, மேலே பேஜோ என்ற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப். வயிறு எரிந்தது, இரண்டாவது தட்டும் சாப்பிட்டேன்.

ராத்திரி பெரம்பூரில் மூவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். இந்த வீட்டின் ஓனர் அம்மா கீழ்த்தளத்தில் இருக்கிறார். அவருக்குச் சொல்லியிருப்பது இவர்கள் சித்தி பெண், பெரியம்மா பெண் என்று. முந்தைய வீட்டில் ஃப்ரெண்ட்ஸ் என்று சொன்னதற்கு, கல்யாணம் ஆகாத பெண்கள் எத்தனை காலம் ஃப்ரெண்ட்ஸாகவே இருப்பார்கள் என்று கேட்டுக் காலி பண்ணச் சொன்னார்கள். ஆகவே இப்போது உறவு. உறவென்றால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் ஏராளம்: எந்தப் பாட்டி, எந்த ஊர், யார் கல்யாணத்தில் யார் வரவில்லை. டீச்சர் ஒரு வம்சாவளியே வரைந்து வைத்திருக்கிறாள், கலர் பென்சிலில்.

பேச்சு எப்போதும் போல கோர்ட்டுக்குப் போனது. 2021-இல் மதுரையிலிருந்து கிளம்பி சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும், பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் விசாரணை, ஹைகோர்ட். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு உத்தரவு எழுதினார். மருத்துவம் என்ற பெயரில் எங்களை 'மாற்ற' முயல்வதற்கு அந்த ஜூன் மாத உத்தரவில்தான் தடை வந்தது. 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கல்யாண உரிமை கிடையாது என்றது. 2025 மே மாதம் இதே சென்னை ஹைகோர்ட்டின் இரண்டு நீதிபதிகள், குடும்பம் ஆவதற்குக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று எழுதினார்கள், வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில்.

வங்கிக்காரி சொன்னாள்: "தீர்ப்பு பிரமாதம். அதைப் பிரிண்ட் எடுத்து வாடகை ஒப்பந்தத்தோட பின் பண்ணிக் கொடுக்க முடியுமா?"

வியாழன்

புத்தகக் காட்சி. நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம், தகரக் கூரை, கீழே மிதிக்க மிதிக்க எழும்பும் மரப்பலகை, சுமார் 900 கடைகள். 1977-இல் தொடங்கியதாம், எனக்குப் பழக்கம் காயிதே மில்லத் கல்லூரிக் காலத்திலிருந்து. முதல் நாள் போனால் பில் போடும் மெஷின் ஓடாது, ஆனால் நிதானமாகப் பார்க்கலாம். நான் பார்க்கிற விதம் ஒன்று உண்டு: எங்களைப் பற்றிய புத்தகங்களை எந்தக் கடைக்காரர் எந்த அடுக்கில் வைத்திருக்கிறார் என்று கவனித்துக்கொண்டே போவேன்.

திருநங்கையர் எழுத்து இப்போது நன்றாகவே கண்ணில் படுகிறது. ரேவதி, லிவிங் ஸ்மைல் வித்யா, பிரியா பாபு எல்லாம் எழுதத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகப்போகிறது, கல்லூரிப் பாடத்தில் இருக்கிறார்கள், பேராசிரியர்கள் மொத்தமாக வாங்குகிறார்கள். பிரியா பாபு எங்கள் மதுரையில் ஓர் ஆவண மையமும் நூலகமும் நடத்துகிறார், அந்தப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பாருங்கள். சில வருஷங்களாகத் திருநர்களே பதிப்பகம் வைத்துக் கடை போடுவதும் நடக்கிறது. அங்கே நின்றால் கூட்டம் கொஞ்சம் தள்ளி நின்று அட்டையைப் படித்துவிட்டு, அப்புறம் தைரியமாக வருகிறது, வந்தவர்கள் வாங்குகிறார்கள்.

ஆனால் ஓர் ஆணை விரும்பும் ஆண், ஒரு பெண்ணை விரும்பும் பெண், சும்மா இட்லி சாப்பிட்டு ஆபீஸ் போய் சண்டை போட்டுச் சமாதானம் ஆகிற கதை? தேட வேண்டியிருக்கிறது. தேடினால் கிடைப்பதிலும் மூன்றில் ஒன்றில் கடைசியில் யாராவது தூக்கு மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, இங்கேயே கொட்டிவிடுகிறேன். சில வருஷம் முன்னால் ஒரு பதிப்பகத்துக்கு என் கதைகளைக் கொடுத்தேன். படித்தவர் நல்ல ரசிகர், நல்ல மனிதர், பாராட்டினார், டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் சொன்னார், "தம்பி, வலி போதல. இவங்க ரெண்டு பேரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க, வாசகனுக்கு எங்க பிடி?" என்று. வேண்டுமென்றால் ஒருவனைத் திருநங்கையாக மாற்றிவிடலாமே, அதற்கு இப்போது ஆதரவு இருக்கிறது என்றும் சொன்னார். பத்தியை மாற்றுவதுபோல ஒரு மனுஷனின் உடம்பை மாற்றச் சொன்னார், சாதாரணமாக. திருநங்கையரிடமும் இதைத்தான் கேட்கிறார்கள். உன் வலியை எழுது, பிச்சை எடுத்ததை எழுது, ஆபரேஷனை எழுது. அவர்கள் துப்பறியும் நாவலோ சமையல் குறிப்போ எழுதிக்கொண்டு வந்தால் எத்தனை பேர் போடுவார்கள்?

போன வருஷம் வேறொரு சின்னப் பதிப்பகம் அதே கதைகளைப் போட்டது. இன்றைக்கு அந்தக் கடையில் போய் நின்றேன். 'பெண்ணியம்' என்று சீட்டு ஒட்டிய அடுக்கில் இருந்தது என் புத்தகம். பக்கத்தில் 'உளவியல்'. நல்லவேளை, அந்தப் பக்கம் தள்ளவில்லை. நான் நின்றிருந்தபோது ஒரு பையன், இருபது வயது இருக்கும், கல்லூரி ஐடி கார்டைச் சட்டைப் பைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, அதை எடுத்தான், பின்னட்டை படித்தான், வைத்தான், ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி எடுத்தான். அதோடு சேர்த்து ஒரு போட்டித் தேர்வு வழிகாட்டியும் ஒரு வரலாற்று நாவலும் அள்ளி, நடுவில் இதை வைத்து பில் போடப் போனான். சரக்கு வாங்குகிறவன் நாளிதழ் சுற்றுவதெல்லாம் இந்த நேர்த்தியின் பக்கத்தில் நிற்காது. நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்பான், அதனால் பேசாமல் வேறு பக்கம் பார்த்தேன்.

வெளியே வந்து டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி. மேடையில் யாரோ தமிழின் தொன்மை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், அவர் பேச்சும் தொன்மையானதுதான்.

வெள்ளி

பலகை மேல் நடந்ததில் கால் வீங்கிவிட்டது. பகலெல்லாம் படுக்கை. சாயங்காலம் மட்டும் மெரினா.

உழைப்பாளர் சிலையை நின்று பார்க்கிறவர்கள் குறைவு, பஸ் ஸ்டாப்பின் பெயராகவே அது பழகிவிட்டது. ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959-இல் திறந்தது. நான்கு ஆண்கள் ஒரு பாறையை நெம்புகிறார்கள், கோவணம் தவிர வேறு துணி இல்லை. முதுகு, தொடை, கெண்டைக்கால் எல்லாம் அப்படியே தசை. ராய் சௌத்ரி உழைப்பைத்தான் வடித்தார், ஐயமில்லை, நான் பள்ளிச் சுற்றுலாவில் வந்தபோது உழைப்பை மட்டும் பார்க்கவில்லை என்பது என் சொந்த விஷயம்.

சென்னையின் முதல் வானவில் பேரணி 2009 ஜூன் கடைசியில் இந்த மெரினாவில்தான் நடந்தது. நாலு நாள் கழித்து ஜூலை 2-ஆம் தேதி டெல்லி ஹைகோர்ட் எங்களைக் குற்றவாளிகளாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவை முடக்கியது, பிறகு சுப்ரீம் கோர்ட் திருப்பிக் கொண்டுவந்தது, 2018 செப்டம்பர் 6-ஆம் தேதிதான் ஒழிந்தது. முதல் பேரணியில் நடந்த அண்ணன் ஒருவரைச் சந்தித்துச் சுண்டல் சாப்பிட்டேன். அன்றைக்கு முகமூடி போட்டு நடந்தவர்கள் உண்டு என்றார். அவர் போடவில்லையாம், போட்டால் மூச்சு முட்டுமாம்.

சனி

பறக்கும் ரயிலில் இந்திரா நகர். ஸ்டேஷன் சுவர் முழுக்கப் பெரிய பெரிய முகங்கள், ஏ-கில், கத்ரா என்ற இரண்டு ஓவியர்கள் வரைந்தது. எச்ஐவி பற்றிய பயத்தைப் போக்கத்தான் அந்தச் சுவர். முகங்களைப் பார்த்து யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான் விஷயம். இந்தியாவில் அந்த வைரஸை முதலில் கண்டுபிடித்ததே இந்த ஊரில்தான். 1986-இல் மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்து, வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் பெட்டியில் போட்டு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். எங்களில் மூத்தவர்கள் அதற்குப் பிறகு வந்த வருஷங்களைப் பற்றிப் பேசும்போது பெயர்களாகத்தான் சொல்வார்கள், கதையாகச் சொல்ல மாட்டார்கள்.

அங்கிருந்து பெசன்ட் நகர். எலியட்ஸ் கடற்கரை எதிரே 'ஸ்பேசஸ்' என்ற இடம், நடனக் கலைஞர் சந்திரலேகாவின் வீடு. 2006 டிசம்பரில் அவர் போன பிறகும் ஒத்திகை, நாடகம், பேச்சு என்று நடந்துகொண்டே இருக்கிறது. காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர், பேரோடு ஆடிக்கொண்டிருந்தபோதே விலகிப்போய், பிறகு பரதத்தோடு களரியையும் யோகத்தையும் சேர்த்து, சாமிக் கதை இல்லாமல், வெறும் உடம்பை மேடையில் வைத்தவர். முதுகெலும்பு என்றால் என்ன என்று கேட்டவர். அவருக்குப் பிடித்த வெள்ளை முடி, பெரிய பொட்டு, அந்த மரங்கள். அவரை நான் நேரில் பார்த்ததில்லை, பொறாமையாக இருக்கிறது.

இன்றைக்குக் கல்லூரி முடித்த பிள்ளைகள் சிலர் போட்ட சின்ன நாடகம். ஒரு தையல் கடை, ஒரு தையல்காரர், அளவு கொடுக்க வரும் ஆட்கள். யாரும் தங்களைப் பற்றி அறிவிக்கவில்லை. ஒருவன் தன் அக்காவுக்கு என்று சொல்லி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறான், அளவு எடுக்க அக்காவை வரச் சொல்கிறார் டெய்லர், "அக்கா என் அளவுதான்" என்கிறான். டெய்லர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கிறார். அவ்வளவுதான் காட்சி. திங்கட்கிழமை அகாடமியில் கிடைத்ததற்குச் சற்றும் குறையாத அபிநயம், ஜதி இல்லை, பட்டு இல்லை, டிக்கெட்டும் இல்லை, உண்டியல்தான். கொசு மட்டும் ஏராளம்.

ஞாயிறு

மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதில் லஸ் பக்கம் எந்த வழியாக நடப்பது என்பதே ஒரு புதிர். எப்படியோ சுற்றி வடக்கு மாட வீதிக்கு வந்தால் கோலப் போட்டி. தெருவில் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள், பாட்டிகள், பெண்கள், குழந்தைகள் எல்லாம் மாவுக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, புள்ளி வைத்து, குனிந்த தலை நிமிராமல் போடுகிறார்கள். ஆண்களும் இருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டி, இழை அறுபடாமல் சிக்குக் கோலம் இழுத்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் மாவு ஒரே சீராக இறங்கியது.

"எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

"எங்கம்மாகிட்ட. எனக்கு அக்கா தங்கச்சி கிடையாது தம்பி. அம்மாவுக்கு முடியாமப் போனதும் வாசல் காலியா இருக்கக் கூடாதுன்னு நான் போட ஆரம்பிச்சேன்."

"தெருவுல யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க. இப்ப மார்கழின்னா எங்க வீட்டுக் கோலம் பாக்கத்தான் வராங்க." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க நிழல்ல நிக்கறீங்க, கொஞ்சம் தள்ளுங்க, புள்ளி தெரியல" என்றார்.

அவருக்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுவர்கள் பக்கத்துக் கட்டத்துப் பாட்டிக்குக் கொடுத்தார்கள், நியாயம்தான், அந்தப் பாட்டியின் கோலம் அசத்தல். காளத்தி கடையில் ரோஸ் மில்க் குடித்துவிட்டு பெரம்பூருக்கு ரயில் பிடித்தேன்.

ராத்திரி ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மொட்டைமாடியில் வாசிப்பு. எங்கள் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர், பாய், சுண்டல், கைப்பேசி வெளிச்சம். ஒருவர் கவிதை, ஒருவர் பாதி நாவல், டீச்சர் தான் வரைந்த அந்தப் பொய் வம்சாவளியைக் கொண்டுவந்து விளக்கினாள், சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலி. அந்த நேரம் பார்த்து ஓனர் அம்மா துணி எடுக்க மேலே வந்தார். டீச்சர் வம்சாவளியைப் பாய்க்கு அடியில் தள்ளினாள். வந்தவர் போகவில்லை, தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்துவிட்டார். என் முறை. வேறு கதை எடுக்கலாமா என்று வங்கிக்காரியைப் பார்த்தேன், அவள் தோளைக் குலுக்கினாள். சரி என்று எடுத்துவைத்ததையே வாசித்தேன்: மதுரை, கோரிப்பாளையம், இரண்டு ஆண்கள், ஒரு பழைய ஸ்கூட்டரை விற்பதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை.

முடிந்ததும் ஓனர் அம்மா கேட்டார், "அந்த வீட்ல சமையல் யாரு?"

"ரெண்டு பேரும்தாம்மா. மாத்தி மாத்தி."

"பரவால்லயே. எங்க வீட்டுக்காரருக்கு வென்னீர் வைக்கத் தெரியாது." மடித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். படி இறங்கப் போனவர் திரும்பி, வங்கிக்காரியிடம், "ஏம்மா, சொல்ல மறந்துட்டேன், தை பொறந்தா வாடகை ஆயிரம் ஏத்தணும். தண்ணி மோட்டார் கரண்ட் பில்லு எகிறுது. உன் தங்கச்சிகிட்டயும் சொல்லிடு" என்றார்.

அப்புறம் நான் ரயிலுக்குக் கிளம்பும் வரை இரண்டு பேரும் அதே கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் கூடக் கொடுத்து இங்கேயே இருப்பதா, வேறு வீடு பார்த்து, முன்பணம் கட்டி, புதிதாக ஒரு வம்சாவளி தயாரிப்பதா என்று. ஐநூறுக்குப் பேசிப் பார்க்கப் போகிறார்களாம்.